கடைமடைக்கு வந்த சி.டி.

2007-இல் எங்கள் வீட்டுக்கு உபுண்டு தபாலில்தான் வந்தது. வீடு கொட்டாரத்துக்குப் பக்கம். இணைய இணைப்பு கிடையாது. கனோனிக்கல் நிறுவனம் ‘ஷிப்இட்’ என்ற பெயரில் 2005 முதல் 2011 வரை உபுண்டு சி.டி.களை உலகம் முழுக்க இலவசமாக அனுப்பியது. தபால் செலவும் அவர்களுடையதே. நாகர்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டரில் முகவரியைப் பதிந்துவிட்டு வந்தேன். சில வாரம் கழித்து, “வெளிநாட்டுலேருந்து என்னடே வந்திருக்கு?” என்றபடி தபால்காரர் கவரை நீட்டினார்.

அந்த சி.டி.யில் இருந்தது சுமார் 700 எம்.பி. 56 கிலோபிட் டயல்-அப் மோடம் முழு வேகத்தில் ஓடினாலும் அதை இறக்க 28 மணி நேரம். ‘பிராட்பேண்ட்’ என்று சொல்ல இந்திய அரசின் 2004 கொள்கை வைத்த குறைந்தபட்ச வேகம் 256 கிலோபிட். அதில் ஆறேகால் மணி நேரம். பி.எஸ்.என்.எல்.லின் சில திட்டங்களில் அப்போது அதிகாலை 2 முதல் 8 வரை கணக்கில்லாமல் இறக்க முடிந்தது. கால் மணி நேரம் இடிக்கும். மிச்சத்தை மறுநாள் விடியுமுன் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

பேச்சிப்பாறைத் தண்ணீரின் கடைமடையில் பயிர் வைப்பவர்களுக்கு இது புரியும். முறைத்தண்ணி ராத்திரி வந்தால் ராத்திரிதான் மம்பட்டியோடு வயலுக்குப் போகணும்.

சி.டி.யை நிறுவினேன். அப்பாவுக்குப் பழைய பாட்டு கேட்கணும். பாடவில்லை. காப்புரிமைச் சிக்கலால் எம்.பி.3 கோடெக்கை அப்போது உபுண்டு சி.டி.யில் சேர்க்கவில்லை. பஸ் பிடித்து நாகர்கோவில் போய், ஒரு பொதியை பென்டிரைவில் இறக்கி வந்தேன். அது இன்னொரு பொதியைக் கேட்டது. மறுபடி பஸ். அது வேறு இரண்டைக் கேட்டது. “பாட்டு கேக்கதுக்கு இம்புட்டு பாடாடே?” என்றார் அப்பா.

இந்தப் பாட்டுக்கு ஒரு இந்தியர் வழி கண்டிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. டெபியன் டெவலப்பர் ரித்தேஷ் ராஜ் சர்ராஃப் எழுதிய ‘ஆப்ட்-ஆஃப்லைன்’. இணையமில்லாத கணினி தனக்கு வேண்டிய எல்லாப் பொதிகளையும் சார்புகளோடு ஒரு கோப்பில் எழுதித் தரும். கடைக்குக் கொண்டுபோகும் பலசரக்குப் பட்டியல் மாதிரி. இணைப்புள்ள கணினியில் மொத்தமாக இறக்கி, வீட்டில் நிறுவினால் போதும். ஒரே பஸ்.

வேறு சிலர் இன்னும் அடியில் கைவைத்தார்கள். ஏற்கெனவே இருப்பதை ஏன் திரும்ப அனுப்பணும்? மாறிய பகுதியை மட்டும் அனுப்பலாமே? 2003-இல் காலின் பெர்சிவல் இதற்காக ‘பிஎஸ்டிஃப்’ எழுதினார். 2009-இல் கூகுள் ‘கோர்ஜெட்’டை அறிவித்தபோது காட்டிய உதாரணம்: முழுசாக 10 எம்.பி. வரும் குரோம் அப்டேட், பிஎஸ்டிஃபில் சுமார் 700 கே.பி., கோர்ஜெட்டில் 80 கே.பி.க்கும் கீழே.

சும்மா கிடைத்த மிச்சமில்லை. பழைய கோப்பையும் வித்தியாசத்தையும் சேர்த்துப் புதியதைத் தைக்க நம் கணினி உழைக்கணும். ஒவ்வொரு பழைய பதிப்புக்கும் தனி வித்தியாசக் கோப்பை சர்வரில் தயாரித்து வைக்கணும். ஃபெடோரா 2009 வாக்கில் பொதிகளுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தது. 2024-இல் 40-ஆம் பதிப்போடு கைவிட்டது. மிச்சம் உழைப்புக்கு ஈடாகவில்லை.

யாருக்கு ஈடாகவில்லை என்று நான் கேட்டுக்கொள்வதுண்டு. மடைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு 100 எம்.பி. ஒரு கணக்கே அல்ல. டேட்டா தீர்ந்து, ரீசார்ஜ் நாளுக்குக் காத்திருக்கும் போனில் அது வேறு எடை.

அப்பாவின் பாட்டு மூன்றாவது பஸ்ஸுக்குப் பிறகு ஒலித்தது. ஒரு பாட்டு முடிந்ததும், “இன்னொண்ணு போடு” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.