வெற்றியாளர் பட்டியலில் இல்லாதவர்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளுக்கான ஆடவர் ஐஸ் ஹாக்கி சாம்பியன் போட்டியை 1984இல் தொடங்கியது. முதல் பட்டத்தைப் பாப்சன் கல்லூரி வென்றது. இப்பிரிவில் விளையாட்டுத் திறனுக்காக மாணவர்க்கு உதவித்தொகை வழங்குவதற்கு அனுமதியில்லை.

நியூ இங்கிலாந்துப் பகுதியின் சிறு கல்லூரிகள் சில, இதனினும் கடுமையான நிலையை மேற்கொண்டிருந்தன. அவை 1971இல் அமைத்த நெஸ்காக் கூட்டமைப்பு, கல்விக்கே முதலிடம் என்னும் கொள்கையின்படி, என்.சி.ஏ.ஏ. சாம்பியன் போட்டிகளில் தன் அணிகள் பங்கேற்பதைத் தடுத்திருந்தது. இத்தடை 1993இல் தளர்த்தப்பட்டது. ஐஸ் ஹாக்கியில் அதன் விளைவு விரைவிலேயே புலப்பட்டது. கூட்டமைப்பின் உறுப்பான, வெர்மான்ட் மாநிலத்து மிடில்பரி கல்லூரி, பயிற்சியாளர் பில் பீனியின் வழிகாட்டலில் 1995 முதல் 1999 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்களை வென்றது; 2004 முதல் 2006 வரை மேலும் மூன்று பட்டங்களைப் பெற்றது.

ஆகவே, முதல் பத்தாண்டின் வெற்றியாளர் பட்டியலை அக்கால அணிகளின் முழுமையான தரவரிசையாகக் கொள்வது பிழையாகும். வென்றவர் யார் என்பதுடன், களத்திற்கே வராதவர் யார், அவர்கள் ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்து வாசிக்கும்போதே அப்பட்டியல் வரலாற்றுச் சான்றாகிறது.