மங்கம்மாள் மண்டபமும் மீறப்பட்ட சத்தியங்களும்

திருச்சிராப்பள்ளியை மலைக்கோட்டைக்காகவும் திருவரங்கத்தை அரங்கநாதர் கோயிலுக்காகவும் அறிந்தோர் பலர். அவ்வூர்களில் தமிழக முஸ்லிம்களின் வரலாற்றையும் தேடிக் கண்டோர் சிலரே. குடும்பத்தோடும் உறவினரோடும் ஒரு நாளை ஒதுக்கினால், தனி வண்டி ஏதுமின்றி அவ்வரலாற்றைக் கண்ணால் கண்டு வரலாம். திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து மெயின்கார்டு கேட் வழியாகத் திருவரங்கம் செல்லும் முதலாம் எண் நகரப் பேருந்தே போதும்.

மலைக்கோட்டையின் அடிவாரத்தருகே நிற்கிறது இராணி மங்கம்மாள் மகால். மதுரையிலிருந்து தலைநகரைத் திருச்சிக்கு மாற்றிய சொக்கநாத நாயக்கர் எழுப்பிய அரண்மனையின் தர்பார் மண்டபம் இது. இதற்காகத் திருமலை நாயக்கர் அரண்மனையின் பகுதிகளே பிரித்தெடுக்கப்பட்டன என்பர். இன்று அரசு அருங்காட்சியகமாக விளங்குகிறது. வெள்ளிக்கிழமை விடுமுறையாதலால், வேறு நாளில் செல்வதே நலம்.

குவிமாடத்தையும் வளைவுகளையும் அண்ணாந்து பார்க்கும்போது, இது இந்துக் கட்டடமா, இஸ்லாமியக் கட்டடமா என்ற வினா எழாமற் போகாது. இரண்டும் கலந்து தமிழ் மண்ணில் விளைந்தது என்பதே விடை. 1689 முதல் 1706 வரை ஆண்ட மங்கம்மாள், கோயில்களுக்கு அளித்தது போலவே தர்காவுக்கும் நிலம் மானியமாக அளித்தவர்.

ஆனால் அந்த நாயக்கர் ஆட்சி முடிந்த விதம் நம்மைத் தலைகுனிய வைக்கிறது. 1736இல், ஆற்காடு நவாப் தோஸ்த் அலியின் மருமகனான சந்தா சாகிப், அரசி மீனாட்சிக்குத் தீங்கு செய்வதில்லை எனத் திருக்குர்ஆன் மீது சத்தியம் செய்து கோட்டைக்குள் நுழைந்தார். உண்மையில் பட்டுத்துணியில் சுற்றியிருந்தது ஒரு செங்கல்லே என்று வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். அரசி நஞ்சுண்டு மாண்டார் என்பதும் அக்கதையின் பகுதி. செங்கல் கதை மிகையாகவே இருக்கட்டும். நம்பிக்கை மீறப்பட்டது மெய்.

கோட்டை சந்தா சாகிபிடம் நிலைக்கவில்லை. 1741இல் மராட்டியர் அதைக் கைப்பற்றி அவரைச் சதாராவுக்குக் கொண்டு சென்றனர். 1748இல் விடுதலை பெற்றவர், பிரெஞ்சுக்காரரைத் துணை கொண்டு திரும்பினார். 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் வீழ்ந்தார். அவர் மகன் முகம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் தஞ்சமடைந்து ஆங்கிலேயரை நாடினார். 1751இல் திருச்சி முற்றுகையிடப்பட்டபோது, அதைத் தளர்த்தவே கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தான்.

1752இல் நிலைமை தலைகீழாயிற்று. பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபின் படையும் காவிரியைக் கடந்து, திருவரங்கம், திருவானைக்கா கோயில்களின் மதில்களுக்குள் ஒடுங்கின. தப்ப வழியின்றி, தஞ்சைத் தளபதி மானாஜி உயிருக்குச் சத்தியம் செய்து தந்த உறுதியை நம்பி, சந்தா சாகிப் அவரிடம் சரணடைந்தார். ஜூன் மாதத்தில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. சத்தியத்தால் வென்ற ஊரின் எல்லையில், இன்னொருவர் மீறிய சத்தியத்தாலேயே அவர் வாழ்வு முடிந்தது.

வென்ற முகம்மது அலியாவது வாக்கைக் காத்தாரா? உதவிக்கு ஈடாகத் திருச்சியைத் தருவதாக மைசூரின் நஞ்சராஜருக்கு அவர் கூறியிருந்தார், தரவில்லை. மைசூர்ப் படை பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தது; திருச்சியைச் சுற்றிலும் மீண்டும் போர் மூண்டது. வாலாஜா என்ற பட்டத்தோடு ஆண்ட நவாப், கும்பெனியாரின் கடனில் மூழ்கினார். அவர் மறைந்த ஆறாம் ஆண்டில், 1801இல், கர்நாடகத்தின் ஆட்சி முழுவதையும் கும்பெனியே எடுத்துக்கொண்டது. மார்க்கம் ஒன்றான இருவர் பகைக்க, ஆதாயம் அயலானுக்குப் போயிற்று.

மகாலிலிருந்து நத்ஹர்வலி தர்காவுக்குச் செல்வோம். லுஹர்த் தொழுகையை அங்கு நிறைவேற்றலாம். இப்பெரியாரின் பெயரால் வாலாஜாவின் அரசவை திருச்சியை ‘நத்ஹர் நகர்’ என்றழைத்தது. அவ்வரசவையில் பாரசீகத்தில் எழுந்த ‘துஸுகே வாலாஜாஹி’ என்ற வரலாற்று நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் நம் முகம்மது உசைன் நயினார். சென்னைப் பல்கலைக்கழகம் அதை 1930களில் வெளியிட்டது. 1795இல் சென்னையில் மறைந்த முகம்மது அலி இந்த வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார். சந்தா சாகிபின் அடக்கமும் இங்கேதான். ஒரு கோட்டைக்காக நாட்டையே போர்க்களமாக்கிய இருவருக்கும் இறுதியில் தேவைப்பட்டது சில முழ மண். இருவருக்கும் ஃபாத்திஹா ஓதுவோம்; தீர்ப்பு இறைவனுடையது.

பிற்பகலில் காவிரிப் பாலம் கடந்து திருவரங்கம் சேரலாம். ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் மக்கள் வாழும் வீதிகளே. படைகள் தங்கிய மதில்களை அவ்வீதிகளில் நடந்தே காணலாம். இக்கோயிலில் துலுக்க நாச்சியாருக்கு ஒரு சன்னதி உண்டு. டில்லி சுல்தானின் மகள் அரங்கன் மீது அன்பு கொண்டு வந்தாள் என்பது வைணவ மரபு. அவள் நினைவாக ரொட்டியும் வெண்ணெயும் படைக்கப்படுகின்றன. அது நம் நம்பிக்கையன்று. எனினும், படையெடுப்பின் துயரை அனுபவித்த ஊர், ஒரு முஸ்லிம் பெண்ணைப் பகையாகவன்றி உறவாக நினைவில் வைத்திருப்பது எண்ணத்தக்கது.

நவாபுகளின் பெருமையை மட்டும் பேசி நம் பிள்ளைகளை வளர்த்தால் அது பாதி வரலாறே. மங்கம்மாளின் மானியத்தையும், செங்கல்லின் கதையையும், ஒரே வளாகத்திலுள்ள இரு அடக்கங்களையும் சேர்த்தே அவர்களுக்குக் காட்டுவோம். வாக்குறுதியைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்பது நம் மார்க்கம். விசாரணை இம்மையிலும் நடந்துவிடுவதுண்டு என்பதற்குத் திருச்சியே சாட்சி.