பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் நடை



விடுமுறைக்கு வந்த பேரன் எந்நேரமும் டேப்லெட்டும் கையுமாக இருந்தான். ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டாம். கண்டிக்கத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரையில் ஒரு மலையை நொடியில் தாண்டி ஓடினான். “அந்த மலை மேல என்னடா இருந்துச்சு?” என்றேன். “தெரியல தாத்தா, அதுக்கெல்லாம் டைம் இல்ல.” எனக்குச் சுருக்கென்றது. போர்ஷன் முடிக்க வேண்டும் என்று வகுப்பில் உங்கள் கேள்விகளைத் தள்ளிவிட்டு ஓடிய என் குரலே அது.

அன்றிரவு அந்த விளையாட்டைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு நடைப்பயண வரலாறு கிடைத்தது.

கர்ட் ஜே. மேக் என்ற அமெரிக்கர் 2011 மார்ச்சில் மைன்கிராஃப்ட் உலகத்துக்குள் மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார். அந்த உலகம் முழுவதும் கட்டைகளால் ஆனது. ஒரு கட்டை ஒரு மீட்டர். நடக்க நடக்கக் கணினி புதிது புதிதாக நிலத்தை உருவாக்கிக்கொண்டே போகும். ஆனால் தொடக்கப் புள்ளியிலிருந்து 1,25,50,821 கட்டைகள் தள்ளிப் போனால் கணக்கு உதைக்கும். நிலத்தை வரையும் கணக்கில் வரும் எண் 214 கோடியைத் தாண்டிவிடும். அந்த எண்ணை வைக்க ஒதுக்கிய இடம் போதாது. நிலம் கோணல்மாணலான பெருஞ்சுவராக எழுந்து நிற்கும். ‘ஃபார் லேண்ட்ஸ்’ என்று பெயர். ஒரு பிழைக்கு எவ்வளவு அழகான பெயர் பாருங்கள்!

தூரம் ஏறத்தாழ 12,550 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒன்பது முறை போய்த் திரும்புவது போல. அந்த விளையாட்டின் நடைவேகத்தில், ஊண் உறக்கமின்றிப் போனாலும் 34 நாள் ஆகும் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். பழைய பழக்கம்.

இதில் என்னை நிறுத்திவைத்த செய்தி வேறு. அதே 2011 செப்டம்பரில் விளையாட்டின் புதிய பதிப்பு வந்தது. அதில்தான் முதன்முதலாக வேகமாக ஓடும் வசதி கொடுத்தார்கள். அதே பதிப்பில் ஃபார் லேண்ட்ஸும் இல்லாமல் போனது. ஓட்டம் வேண்டுமா, அந்த எல்லை வேண்டுமா என்ற நிலை. கர்ட் பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டார்.

வழியில் பழக்கிய ஒரு ஓநாயைத் துணைக்கு வைத்துக்கொண்டார். இரவானால் மண்ணைத் தோண்டிப் பதுங்குவார், விடிந்தால் நடப்பார். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று ஒரு விசையை அழுத்தினால் தெரிந்துவிடும், அழுத்த மாட்டார். மருத்துவமனைக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கித் தரும் ‘சைல்ட்ஸ் ப்ளே’ அறக்கட்டளைக்கு நிதி திரட்டினார். குறித்த தொகை சேர்ந்தால்தான் அழுத்திப் பார்ப்பார். லட்சக்கணக்கான டாலர் சேர்ந்தது. பத்தாண்டு கடந்தும் நடந்துகொண்டிருந்தார். பின்னால் புறப்பட்ட இன்னொருவர் முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தும்விட்டார். இவர் நடையை நிறுத்தவில்லை.

தொலைதூரம் போகப் போகக் கணினியின் கணக்கில் துல்லியம் குறைந்து, திரை லேசாக நடுங்குமாம். அவசரமாகப் பாய்ந்து போகிறவனுக்கு அது வெறும் கோளாறு. வருடக்கணக்கில் நடந்தவருக்கு, தாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதற்கு அதுவே அடையாளம்.

பேரனிடம் சொன்னேன். “லூசா தாத்தா அவரு?” என்று சிரித்தான். ஊருக்குத் திரும்பியபின் போன ஞாயிற்றுக்கிழமை அவனே வீடியோ காலில் கூப்பிட்டான். அரை மணி நேரம், ஓடாமல் நடந்தோம். ஒரு குளக்கரை வரைதான் போக முடிந்தது. தண்ணீருக்குள் களிமண் இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான்.