மாநகர் மன்ற உறுப்பினரின் பணி என்ன? எந்தப் புகாரை எங்கே கொண்டு செல்வது?

ஜொகூர்: தாமான் சாலையில் குழி விழுந்தால் ஒருவர் சட்டமன்ற உறுப்பினரைத் தேடிப் போகிறார். இன்னொருவர் கட்சிக் கிளைத் தலைவரிடம் சொல்கிறார். மற்றொருவர் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். குழியோ அப்படியே கிடக்கிறது. பல வேளைகளில் புகாரில் குறை இருக்காது. அது சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்திருக்காது. ஊராட்சி மன்றம் எப்படி இயங்குகிறது என்பது தெரிந்தால் பாதி அலைச்சல் குறையும்.

16 ஊராட்சி மன்றங்கள்

ஜொகூரில் 16 ஊராட்சி மன்றங்கள் உள்ளன. அவற்றில் மூன்று மாநகர் மன்றங்கள். ஜொகூர்பாரு 1994ஆம் ஆண்டிலும், இஸ்கண்டார் புத்ரி 2017ஆம் ஆண்டிலும், பாசிர் கூடாங் 2020ஆம் ஆண்டிலும் மாநகரத் தகுதி பெற்றன. குளுவாங், கூலாய், மூவார், பத்து பகாட், சிகாமாட் போன்ற ஊர்களில் நகராண்மைக் கழகங்கள் இருக்கின்றன. லாபிஸ், யோங் பெங், மெர்சிங் போன்ற இடங்களை மாவட்ட மன்றங்கள் நிர்வகிக்கின்றன.

மாவட்டமும் மன்றமும் ஒன்றல்ல. ஸ்கூடாய் ஜொகூர்பாரு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதன் மன்றம் இஸ்கண்டார் புத்ரி. வீட்டுக்கு வரும் மதிப்பீட்டு வரிக் கட்டணச் சீட்டில் எந்த மன்றத்தின் பெயர் இருக்கிறதோ, அதுவே அந்த வீட்டுக்குப் பொறுப்பான மன்றம்.

தேர்தல் இல்லை, நியமனம்தான்

மன்ற உறுப்பினரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின்படி மாநில அரசு அவரை நியமிக்கிறது. மேயர் அல்லது தலைவரைத் தவிர, ஒரு மன்றத்தில் குறைந்தது 8 பேரும் அதிகம் போனால் 24 பேரும் உறுப்பினர்களாக இருக்கலாம். பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது. மறு நியமனத்துக்குத் தடையில்லை.

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 1951ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுனில் நாட்டின் முதல் நகராண்மைத் தேர்தல் நடந்தது. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965ஆம் ஆண்டு, ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்கள் தொடர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதன் அறிக்கை 1971ஆம் ஆண்டு வெளியானது. அந்தப் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது.

அதே சட்டம், உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்த மன்ற எல்லைக்குள் வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. ஊராட்சியில் அனுபவம், தொழிலில் சிறப்பு ஆகியவற்றோடு, தங்கள் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கும் திறனையும் அது ஒரு தகுதியாகச் சொல்கிறது. ஆகவே உறுப்பினரிடம் போய் வட்டாரப் பிரச்சினையைச் சொல்வது உதவி கேட்பதாகாது. அதைக் கேட்பது அவருடைய பொறுப்பு.

ஆனால் அவரால் தனியாக ஒரு வேலைக்கு உத்தரவிட முடியாது. மன்றக் கூட்டத்திலும் செயற்குழுக்களிலும் பேசலாம், அதிகாரிகளிடம் விளக்கம் கேட்கலாம், தம் பகுதிக்கான பணிகளை முன்மொழியலாம். முடிவு மன்றத்தினுடையது.

யார் எதற்குப் பொறுப்பு?

தாமான் உள்சாலை, சாலையோர வடிகால், பொதுப் பூங்கா, விளையாட்டு மைதானம், அங்காடிக் கடை, வியாபார லைசென்ஸ், கட்டடத் திட்ட அனுமதி ஆகியவை பொதுவாக மன்றத்தின் வேலை. வீட்டு முன்புறத்தைக் கார் நிறுத்த நீட்டிப்பதற்கும், கோயிலில் மண்டபம் எழுப்புவதற்கும் முன்கூட்டியே மன்றத்திடம் திட்ட அனுமதி பெற வேண்டும்.

புதிய தாமானாக இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சாலையும் வடிகாலும் மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டனவா? ஒப்படைக்கும் வரை பராமரிப்பு வீடமைப்பு நிறுவனத்தின் பொறுப்பு.

கூட்டரசுச் சாலைகளும் மாநிலச் சாலைகளும் ஜே.கே.ஆர். எனப்படும் பொதுப்பணி இலாகாவின் கீழ் வருகின்றன. ஆறுகளுக்கு ஜே.பி.எஸ். எனப்படும் வடிகால் நீர்ப்பாசன இலாகா பொறுப்பு. குழாய் நீருக்கு ரன்ஹில் எஸ்.ஏ.ஜே. நிறுவனத்தையும், மின்தடைக்கு தெனாகா நேஷனலையும் நாட வேண்டும்.

குப்பை விவகாரத்தில்தான் குழப்பம் அதிகம். 2007ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பர் 1 முதல் ஜொகூரில் நடப்பில் இருக்கிறது. அதன்படி வீட்டுக் குப்பையை எஸ்.டபள்யு.எம். என்விரோன்மென்ட் நிறுவனம் அள்ளுகிறது, எஸ்.டபள்யு.கோர்ப் அதைக் கண்காணிக்கிறது. லோரி வரவில்லை என்றால் புகார் இந்த இரண்டு இடங்களுக்கும் போக வேண்டும்.

தோட்டத்து வாசலில் மாறும் பொறுப்பு

தாமானில் இருப்பவருக்குப் பொருந்துவது தோட்டத்தில் இருப்பவருக்கு அப்படியே பொருந்தாது. தோட்ட நிலம் நிறுவனத்தின் சொத்து. லயன் வீடு, உள்சாலை, வடிகால் எல்லாம் அந்த நிலத்திலேயே இருப்பதால், மன்றத்தின் குத்தகையாளர் தாமானுக்குள் வருவதுபோல் அங்கே வருவதில்லை.

அங்கே 1990ஆம் ஆண்டு குறைந்தபட்ச வீடமைப்பு வசதிகள் சட்டம் துணைக்கு வருகிறது. தொழிலாளர் வீடுகளுக்குக் குழாய் நீரை இலவசமாகத் தருவதும், போதிய மின்சார வசதி செய்வதும், வீடுகளைப் பழுதின்றி வைத்திருப்பதும் முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. கூரை ஒழுகினால் முதலில் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நடவடிக்கை இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவிடம் போகலாம். தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் சங்கம் வழியாகவும் முறையிடலாம்.

சிக்கல், நிலம் கைமாறும்போது வருகிறது. தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறும் காலத்தில், பழைய லயன் வீட்டில் தங்கியிருக்கும் குடும்பத்துக்கு முதலாளியும் இல்லை, தாமானும் இன்னும் வரவில்லை. இங்கே மன்ற உறுப்பினரை நாடுவதில் பயன் உண்டு. ஏனென்றால் திட்ட அனுமதி மன்றத்தின் வழியாகத்தான் போகிறது. வட்டாரத்தின் வரைவு உள்ளூர்த் திட்டம் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்போது, கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு ஆகியவற்றின் நிலம் அதில் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அறிவிப்பில் சொன்ன காலத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இயந்திரங்கள் வந்து இறங்கிய பிறகு கொடுக்கும் மனுவைவிட இந்தக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

வரி கட்டுபவரின் உரிமை

பல மாநிலங்கள் ஆண்டு வாடகை மதிப்பை வைத்து மதிப்பீட்டு வரி விதிக்கின்றன. ஜொகூரில் சொத்தின் மேம்பட்ட மதிப்பே அடிப்படை. சட்டப்படி அதன் உச்ச வரம்பு 5 விழுக்காடு. முதல் அரையாண்டு வரியை பிப்ரவரி இறுதிக்குள்ளும், இரண்டாவதை ஆகஸ்டு இறுதிக்குள்ளும் கட்ட வேண்டும். புதிய மதிப்பீடு அதிகமாகத் தெரிந்தால், அறிவிப்பில் உள்ள நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். அந்த நாளைத் தவறவிட்டவர் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

வரி கட்டுபவருக்கு மேலும் இரண்டு உரிமைகள் உண்டு. மன்றம் வேறு முடிவு எடுத்தாலன்றி, அதன் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது. கூட்டக் குறிப்புகளையும் கேட்டுப் பார்க்கலாம். தம் தாமானைப் பற்றிய பேச்சு எழுந்ததா என்று அறிய இதைவிட நேரான வழி இல்லை.

புகார் எப்படி இருக்க வேண்டும்?

சாலைப் பெயர், அருகிலுள்ள வீட்டு எண் அல்லது மின்கம்ப எண், தேதியோடு கூடிய படம், பிரச்சினை எப்போது தொடங்கியது என்ற விவரம் ஆகிய நான்கும் புகாரில் இருக்க வேண்டும். மன்றத்தின் புகார்ப் பிரிவில் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகே உறுப்பினரைப் பார்ப்பது நல்லது. எண் கையில் இருந்தால் அவரால் அதிகாரியிடம் குறிப்பிட்டுக் கேட்க முடியும். வாய்ச்சொல்லாகப் போனால் அதிகாரியிடம் காட்ட எதுவும் இருக்காது.

ஒரே தெருவில் பத்துக் குடும்பங்கள் தனித்தனியாகச் சொல்வதைவிட, குடியிருப்பாளர் சங்கத்தின் வழி ஒரே கடிதமாகக் கையெழுத்திட்டுக் கொடுப்பது வலுவானது. வாக்குரிமை இல்லாத இடத்தில் உறுப்பினரைப் பதில் சொல்ல வைப்பது தேதியும் எண்ணும் கையெழுத்தும் உள்ள அந்தக் கடிதம்தான். அதன் ஒரு பிரதியைக் குடியிருப்பாளர்களும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.