கவுண்டரில் கிடந்த கையெழுத்துத் தாள்

1996 மார்ச் 13, புதன்கிழமை. கிளாஸ்கோவில் நான் வேலை பார்த்த சின்னக் கடையில் நாள் முழுக்க ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். மதியத்துக்கு முன்பே பாட்டை நிறுத்திவிட்டுச் செய்தி சொன்னார்கள். டன்பிளேன் ஆரம்பப் பள்ளியில் துவக்குச் சூடு, செத்தவர்கள் சின்னப் பிள்ளைகள். எங்களுக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர் அது.

என் மகள் அப்போது முதலாம் வகுப்பு. அன்றைக்கு அவளுக்கு உடற்பயிற்சிப் பாடம் இருந்தது. கறுப்புத் துணிச் சப்பாத்தைக் காலையில் பையில் வைத்தவன் நான்தான். தொலையாமல் இருக்க அதன் நாக்கின் உள்பக்கம் அவள் பெயரைப் பேனாவால் எழுதியிருந்தேன். டன்பிளேன் பிள்ளைகளும் உடற்பயிற்சிக் கூடத்தில் வைத்தே சுடப்பட்டார்கள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் 16 பேர், அவர்களின் ஆசிரியை க்வென் மேயர். மூன்று மணிக்கு மகளைக் கூட்டிவரப் போனேன். பள்ளி வாசலில் நின்ற தாய் தகப்பன்மார் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். துவக்கைப் பார்த்துப் பயந்து ஓடி வந்தவன் என்றே சொல்லலாம். இந்த நாட்டில் பொலிஸ்காரர்கூடத் துவக்கில்லாமல் தெருவில் நடப்பதைக் கண்டு முதல் வருடம் முழுக்க ஆச்சரியப்பட்டேன். சாதாரண வீடுகளில் அலமாரிப் பூட்டுக்குள் சட்டப்படி கைத்துப்பாக்கிகள் இருந்தன என்பது அந்த மார்ச் மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

டன்பிளேன் கொலைகாரனிடம் இருந்தவை நான்கு கைத்துப்பாக்கிகள், 743 ரவைகள். நான்குக்கும் உரிமம் இருந்தது. 1977 முதல் உரிமம் வைத்திருந்தவன் அவன். 1991இல் ஒரு பொலிஸ் அதிகாரி அவனுடைய உரிமத்தைப் பறிக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மேலிடம் அதை ஏற்கவில்லை. 1995இல் உரிமம் மறுபடியும் புதுப்பிக்கப்பட்டது. இவையெல்லாம் பின்னர், அரசு நியமித்த நீதிபதி கல்லன் பிரபுவின் விசாரணையில் வெளிவந்தவை.

டன்பிளேனுக்கு ஏறக்குறைய ஒன்பது வருடம் முன்பு, 1987 ஆகஸ்டில், இங்கிலாந்தின் ஹங்கர்ஃபோர்டில் ஒருவன் 16 பேரைச் சுட்டுக் கொன்றிருந்தான். அவனும் உரிமம் பெற்றவனே. அடுத்த வருடம் அரைத் தானியங்கி வகை ரைஃபிள்களைத் தடைசெய்தார்கள். அவன் கையில் பிஸ்டலும் இருந்தது, அதைச் சட்டம் தொடவில்லை. கள்ளன் வந்த கதவை அடைத்துவிட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்தே விட்ட சட்டம் அது என்பேன்.

டன்பிளேனுக்குப் பிறகு ஆன் பியர்ஸ்டன் என்ற பெண்ணும் தோழிகளும் கையெழுத்து வேட்டை தொடங்கினார்கள். அந்த மாதம் அங்கே பூத்திருந்த வெள்ளைப் பூவின் பெயரையே வைத்தார்கள்: ஸ்னோடிராப். தனியார் கையில் கைத்துப்பாக்கியே இருக்கக்கூடாது என்பது கோரிக்கை. ஒருநாள் ஒரு பெண் எங்கள் கடையிலும் தாளைக் கொண்டுவந்து வைத்தார். பேனாவைக் கவுண்டரில் நூலால் கட்டிவிட்டேன். பால் வாங்க வந்தவர்கள் கையெழுத்திட்டார்கள், சிகரெட் வாங்க வந்தவர்கள் இட்டார்கள். இரண்டு நாளில் தாள் நிரம்பியது.

ஒருவர் மட்டும் இடவில்லை. தினமும் பத்திரிகை வாங்க வரும் பெரியவர், துப்பாக்கி சுடும் கழகத்து உறுப்பினர். "முப்பது வருடமாக அட்டையைத்தான் சுடுகிறேன். எவனோ செய்ததற்கு எனக்கு ஏன் தண்டனை?" என்று கேட்டார். கோபமாக அல்ல, மனம் நொந்து கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை.

அதே கேள்விதான் அந்த வருடம் பாராளுமன்றம் வரை போனது. உள்துறைக் குழுவில் பெரும்பான்மையாக இருந்த கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் தடை வேண்டாம் என்றார்கள். கல்லன் பிரபுவும் நேரடியாகத் தடை கேட்கவில்லை. பாவிக்காத நேரத்தில் துப்பாக்கியின் முக்கிய பாகத்தைக் கழற்றிச் செயலிழக்கச் செய்யலாம், அது சரிவராவிட்டால் தடையை யோசிக்கலாம் என்றார். ஆனால் 7 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகள் அதற்குள் லண்டன் போய்ச் சேர்ந்திருந்தன. அக்டோபர் 16இல் கல்லனின் அறிக்கை வெளியான அன்றே, .22 அங்குலக் குழல் அளவுக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்வதாக பிரதமர் ஜான் மேஜரின் அரசு அறிவித்தது. 1997 பிப்ரவரியில் அது சட்டமானது. மே மாதம் டோனி பிளேர் ஆட்சிக்கு வந்தார், நவம்பரில் .22க்கும் தடை வந்தது. வட அயர்லாந்து மட்டும் இதில் சேரவில்லை.

பெரியவரின் கேள்விக்கு என் பதில் இப்போது இது. அவர் நல்லவர். ஆனால் அவர் நல்லவர் என்பதைச் சொன்னதும் ஒரு உரிமத் தாள்தான், டன்பிளேன்காரனைப் பற்றிச் சொன்னதும் அதே மாதிரித் தாள்தான். மேசைக்குப் பின்னால் இருக்கும் ஒரு அதிகாரியின் கணிப்பில் என் பிள்ளையின் உயிரை வைக்க நான் தயாரில்லை. பொலிஸ் சரியாக வேலை செய்திருந்தால் போதும், சட்டம் மாறத் தேவையில்லை என்றவர்கள் அன்றும் இருந்தார்கள். எல்லா அதிகாரியும் எல்லா நாளும் சரியாக வேலை செய்யும் நாடு எது?

இழப்பு இல்லாமல் இல்லை. பிஸ்டல் போட்டி வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு போகவேண்டியதாயிற்று. 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைத்துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன; அரசு நட்டஈடு கொடுத்தது. பெரியவரும் 1997 கோடையில் தன்னுடையதைப் பொலிஸ் நிலையத்தில் கொடுத்துவிட்டு, ரசீதைக் கொண்டுவந்து கவுண்டரில் விரித்துக் காட்டினார். அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். அன்று பத்திரிகைக்குக் காசு வாங்கவில்லை.

வேட்டைத் துப்பாக்கிகள் இன்னும் உரிமத்தில் இருக்கின்றன. அவற்றால் 2010இல் கம்ப்ரியாவில் 12 பேரும், 2021இல் பிளிமத்தில் 5 பேரும் கொல்லப்பட்டார்கள். ஆனால் 1996 மார்ச் 13க்குப் பிறகு பிரித்தானியாவின் எந்தப் பள்ளிக்கூடத்திலும் டன்பிளேன் போல ஒரு படுகொலை நடக்கவில்லை.