ஆட்சி விழுந்த அடுத்த மாசம்: 1977 விட்டுப்போன ஒரு பிரிவு

மதுரை கோச்சடையிலிருந்து பேசுகிறேன். நடுவில் மேலக்கால் ரோட்டு பஸ் ஹாரன் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

2022 ஜூலையில் கொழும்பு ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் ஜனங்கள் குதித்த வீடியோவை நாம எல்லாரும் ஷேர் பண்ணினோம். அதே மாதம் 22ஆம் தேதி விடியும் முன்னாடி, காலிமுகத்திடலில் மிச்சமிருந்த கூடாரங்களை ராணுவம் பிரித்துப் போட்டது. அந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்தோம்? ஒரு ஆட்சி விழுந்த பிறகு என்ன நடக்குது என்பதுதான் இன்றைய விஷயம். உதாரணம் நம்ம ஊர்லயே இருக்கு.

1975 ஜூன் 25. இந்திரா காந்தி அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் மிசாவில் உள்ளே போனார்கள், பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்டது. சென்னை சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு பிறகு இறந்தே போனார். 1977 மார்ச் தேர்தலில் வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. இந்திராவே ரேபரேலியில் தோற்றார்.

தெற்கே கதை வேற. எம்.ஜி.ஆர்.-காங்கிரஸ் கூட்டணி இங்கே 39ல் 34 இடம் பிடித்தது. மதுரையிலும் காங்கிரஸ்தான் ஜெயித்தது. "நாங்களும் எமர்ஜென்சியை எதிர்த்தோம்"னு இன்றைக்கு எல்லாரும் சொல்லலாம், ஆனா ஓட்டுக் கணக்கு அப்படிச் சொல்லலை.

டெல்லியில் ஜனதா வந்தது. பழைய காங்கிரஸ், ஜனசங்கம், சோஷலிஸ்ட்கள், சரண் சிங் ஆட்கள் எல்லாரையும் ஒட்டவைத்த பசை ஒன்றே ஒன்றுதான்: இந்திரா போகணும். அவர் போனதும் பசை காய்ந்துவிட்டது. ஜனநாயகத்தை மீட்டவர்களே ஒன்பது மாநில சட்டசபைகளைக் கலைத்தார்கள். 1979 ஜூலையில் மொரார்ஜி ராஜினாமா செய்தார். அடுத்து வந்த சரண் சிங் ஒரு நாள்கூட நாடாளுமன்றத்தைச் சந்திக்காமல் போனார். 1980 ஜனவரியில் இந்திரா 353 இடங்களோடு திரும்பி வந்தார். வந்த கையோடு அவரும் ஒன்பது சட்டசபைகளைக் கலைத்தார், எம்.ஜி.ஆர். ஆட்சி உட்பட! அடுத்த தேர்தலில் எம்.ஜி.ஆர். நம்ம மதுரை மேற்கில் நின்று ஜெயித்து மறுபடி முதல்வரானார்.

பாதிப் பேர் கதையை இங்கேயே "எழுச்சி தோற்றது"னு முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சண்டைக்கு நடுவிலும் ஜனதா ஒரு வேலை செய்தது: 44ஆவது அரசியல் சட்டத் திருத்தம். அதுக்கு முன்பு "உள்நாட்டுக் குழப்பம்" என்ற காரணமே எமர்ஜென்சிக்குப் போதும். இப்போது "ஆயுதக் கிளர்ச்சி" இருக்கணும், அமைச்சரவை எழுத்தில் சொல்லணும். எமர்ஜென்சியிலும் உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமைக்காகக் கோர்ட்டுக்குப் போவதைத் தடுக்க முடியாது. இந்திரா திரும்பி வந்தும் இந்தப் பூட்டை உடைக்க முடியவில்லை. ஆட்சி போனாலும் எழுதிவைத்தது நின்றது.

ஆனா அதே திருத்தத்தில் மூன்றாவது பிரிவு ஒன்று உண்டு. விசாரணை இல்லாமல் ஒருவரை அடைத்தால், ஆலோசனைக் குழுவின் கருத்து இல்லாமல் வைத்திருக்கும் காலம் மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறையணும். அந்தக் குழுவில் யார் யார் என்பதை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பரிந்துரைக்கணும். மிசாவில் கிடந்தவர்கள் எழுதிய பிரிவு, வலி தெரிந்து எழுதியது. மற்றப் பிரிவுகள் பெரும்பாலும் 1979 ஜூனில் அமலுக்கு வந்தன. இதற்கு மட்டும் ஜனதா அரசே தேதி குறிக்கவில்லை. அடுத்த மாதம் அரசே இல்லை.

1980ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மூன்றாவது பிரிவை அமல்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1981ல் தீர்ப்பு: தேதி குறிப்பது அரசின் வேலை, நாங்கள் கட்டாயப்படுத்த முடியாது. அதற்குப் பிறகு எத்தனையோ பிரதமர்கள் வந்துபோனார்கள், அவர்களில் சிலர் எமர்ஜென்சியில் ஜெயிலுக்குப் போனவர்கள். ஒருத்தரும் கையெழுத்துப் போடவில்லை.

இலங்கையிலும் இதே கதை. 1979ல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் பல வருஷம் தமிழ் இளைஞர்கள் மேல்தான் அதிகம் பாய்ந்தது. கோட்டாபய ஓடிப்போன பிறகு, 2022 ஆகஸ்டில், போராடிய மாணவர் தலைவர்களை அடைக்கவும் அதையே எடுத்தார்கள்.

நம்ம பக்கம் 1982ல் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்த சட்டத்துக்கு நீளமான பெயர் உண்டு, ஊர்ல எல்லாரும் "குண்டாஸ்"னுதான் சொல்வோம். விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். "அவன் மேல குண்டாஸ் போட்டுட்டாங்க"னு டீக்கடையில் சாதாரணமா பேசுறோமே, அந்த ஆலோசனைக் குழு இன்றைக்கும் 1978க்கு முந்தைய விதிப்படிதான் உட்காருது.