மிளகுத் தண்ணீரும் செம்பருப்பும்: கடல் கடந்து மீண்ட ஒரு சாற்றின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன், வெளியூர் உணவு விடுதி ஒன்றில் குடும்பத்தாருடன் அமர்ந்திருந்தேன். உணவுப் பட்டியலில் ‘மல்லிகாட்டனி சூப்’ என்றொரு பெயரைக் கண்ட என் பெயர்த்தி, “தாத்தா, இது எந்த நாட்டுச் சாறு?” என்று வினவினாள். நான் வாய் திறப்பதற்குள் பரிமாற வந்த இளைஞர், “இங்கிலீஷ்காரங்க சூப் பாப்பா, சிக்கன் போட்டது” என்று விடை கூறிவிட்டார். வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்தவனுக்கு அவ்விடை நெஞ்சில் தைத்தது. அது ‘மிளகுத் தண்ணீர்’ என்னும் நம் அடுக்களைச் சொல். ஊன் கலவாத சாறு ஒன்று ஊன் சாறாக மாறி, வேற்றுப் பெயருடன் நம்மிடமே மீண்டு வந்த வரலாற்றை இத்திருவிழா மலரில் எழுதுவது பொருந்தும் எனக் கருதினேன்.

செம்பருப்பின் பிறப்பிடம்

இன்று மேலைநாட்டார் இச்சாற்றைப் புலால் இன்றிச் சமைக்கும்போது பெரும்பாலும் செம்பருப்பையே சேர்க்கின்றனர். நாம் மளிகைக் கடையில் ‘மைசூர்ப் பருப்பு’ என்று கேட்டு வாங்குவது இதுவே. மைசூர் நகருக்கும் இப்பருப்புக்கும் உறவில்லை. ‘மசூரம்’ என்னும் வடசொல் ‘மசூர்’ ஆகி, மக்கள் வழக்கில் மைசூராக மருவியது என்று கொள்வதே பொருத்தம்.

நான் பணியாற்றிய சுந்தரபாண்டியம், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த நெசவாளர் ஊர். அங்குள்ள இல்லங்களில் துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொள்ளு ஆகியவையே நாளும் புழங்கும். செம்பருப்பு அரிதாகவே தென்படும். குளிர்காலப் பயிராகிய அது நம் வெப்பமண்ணில் செழிப்பதில்லை. ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் பயிரிடப்பெற்று, பின்னர் வடஇந்தியாவிற்கு வந்தது. கடைசியாக விதைக்கத்தக்க பயிர்களுள் ஒன்றாக மசூரத்தைக் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் குறிக்கின்றது. இதன் வடிவை ஒத்திருந்தமையாலேயே மூக்குக் கண்ணாடியின் வில்லைக்கு இலத்தீன் மொழியில் இதற்குரிய பெயரான ‘லென்ஸ்’ என்பதை இட்டனர்.

செம்பருப்புச் சாற்றைப் பற்றிய பழங்கதை ஒன்று யூதர்களின் வேதநூலில் உள்ளது. வேட்டையிலிருந்து பசியோடு திரும்பிய ஏசா என்னும் மூத்தவன், தம்பி யாக்கோபு சமைத்திருந்த சிவந்த பருப்புக் கூழுக்காகத் தன் பிறப்புரிமையையே விற்றுவிடுகிறான். ஒரு வேளைப் பசிக்காக வழிவழி வந்த உரிமையைக் கைவிட்ட அக்கதை, மிளகுத் தண்ணீரின் கதையை எண்ணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருகிறது.

சிறையில் ஒலித்த தமிழ்ச்சொற்கள்

மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் வழியே வருவதற்கு முன், நம் உணவில் காரம் என்பது மிளகே. சேரநாட்டு மலைகளில் விளைந்த மிளகு, புளியோடும் சீரகத்தோடும் கூடித் தமிழர் இல்லங்களில் தெளிந்த நீராகக் கொதித்தது.

ஆங்கிலேயர் சென்னையில் இச்சாற்றைச் சுவைத்தனர். ஐதர் அலியிடம் போரில் சிறைப்பட்ட ஆங்கிலேயருள் ஒருவர், பெங்களூருச் சிறையில் தமக்குக் கிடைத்த உணவைக் குறித்து நொந்து பாடிய பாட்டு 1784ஆம் ஆண்டினது. அதில் ‘மிளகுத் தண்ணீர்’, ‘கஞ்சி’ என்னும் இரு தமிழ்ச்சொற்கள் ஆங்கில உருவில் இடம்பெற்றுள்ளன. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ‘ஆப்சன் ஜாப்சன்’ அகராதி இப்பாட்டை எடுத்துக்காட்டுகிறது. சென்னை மாகாணத்து ஆங்கிலேயரை இச்சாற்றின் பெயரால் ‘மல்’ என்று சுருக்கி அழைத்த வழக்கையும் அது கூறும்.

உணவின் தொடக்கத்தில் இறைச்சிச் சாறு பருகிப் பழகிய ஆங்கிலேயருக்கு, சோற்றோடு பிசைந்துண்ணும் நம் தெளிந்த சாறு போதவில்லை. கோழியையும் ஆட்டிறைச்சியையும் சேர்த்துக் கொழுவிய குழம்பாக்கினர். 1817இல் வில்லியம் கிட்சினர் இலண்டனில் வெளியிட்ட சமையல் நூலில் அது இடம்பெற்றுவிட்டது. எனினும், சென்னையில் வாழ்ந்த கென்னி ஹெர்பர்ட் என்னும் படை அதிகாரி 1878இல் வெளியிட்ட நூலில், இப்பெயர் இரண்டு தமிழ்ச்சொற்களால் ஆனது என்பதையும், இந்நாட்டு மக்கள் அதை ஊன் இன்றியே சமைப்பர் என்பதையும் தெளிவாகப் பதிவு செய்தார். அந்நியர் ஒருவர் எழுதி வைத்த உண்மையை நாம் மறந்து நிற்கிறோம்.

கண்ணகி சமைத்த அடிசில்

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை நினைவுகூரத் தக்கது. கோவலன் சாவக நோன்பினன் ஆதலின், பகற்பொழுதில் உண்ணும் உணவைச் சமைப்பதற்குரிய நல்ல கலங்களை விரைந்து அளிக்குமாறு மாதரி தன் மகளிரிடம் கூறுகின்றாள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலி அரிசி, ஆன்பயன் ஆகியவை வந்து சேர்கின்றன. மதுரைப் புறஞ்சேரியின் ஆயர் குடும்பம்கூட நம் முன்னோரின் இராவுண்ணாமையை அறிந்து மதித்தது.

இன்றோ நம் இளையோர் பலர், “மாலையில் சமைக்க நேரம் ஏது?” என்று அந்நோன்பை நெகிழ விடுகின்றனர். அவர்களுக்குச் செம்பருப்பு கைகொடுக்கும். தோல் நீக்கி உடைத்த இப்பருப்பு, துவரையைப்போல் காக்க வைப்பதில்லை.

நால்வருக்குரிய அளவு

100 கிராம் செம்பருப்பைப் புடைத்து, பூச்சி, கல் பார்த்துக் கழுவுக. வடிகட்டிய நீர் 1 லிட்டர் சேர்த்து, சிறிது மஞ்சள்தூளுடன் திறந்த கலத்தில் வேகவிடுக. நுரையை எடுத்துவிடுக. 20 நிமிடத்தில் பருப்பு செந்நிறம் மாறி மஞ்சளாகக் குழையும், நன்கு மசித்துக்கொள்க. மிளகு, சீரகம் வகைக்கு 1 தேக்கரண்டி, சுக்கு ஒரு சிட்டிகை பொடித்துச் சேர்த்து, உப்பிட்டு ஒரு கொதி வந்ததும் இறக்குக. நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, எலுமிச்சைச் சாறு பிழிக. வெங்காயமும் பூண்டும் வேண்டுவதில்லை. துவிதள விலக்கைப் போற்றுவோர் இதனுடன் காய்ச்சாத பாலையும் அதன் தயிரையும் தவிர்ப்பர்.

பருப்பு அயல்நாட்டினதாயினும் மிளகும் சொல்லும் நம்முடையவை. வந்த பொருளை ஏற்று நம் நெறிக்கு இசைவாக்கிக்கொள்வதில் இழுக்கில்லை. நம் பொருளைப் பிறர் பெயரில் பெற்று, அது பிறருடையதே என நம்புவதுதான் இழுக்கு. அன்று விடுதியில் கேட்ட வினாவிற்கு, வீடு திரும்பியபின் இச்சாற்றைச் செய்து கொடுத்தே விடை கூறினேன். ஞாயிறு மறையுமுன் பருகி முடித்த பெயர்த்தி, தன் குறிப்பேட்டில் ‘மிளகுத் தண்ணீர்’ என்று தமிழில் எழுதிக்கொண்டாள்.